ஓதியம்பாறைச் சங்கத்தின் நெஞ்சு நிதியும் சகாயராஜ் வைத்த கல்லும்

அனுப்புநர்
பா. கிருஷ்ணவேணி, எம்.ஏ.,
(க/பெ. வழக்கறிஞர் பாண்டுரங்கன், காலமானார்)
பொருளியல் பேராசிரியர் (ஓய்வு),
ரயில் நிலையச் சாலை,
திண்டிவனம்.

பெறுநர்
தொழிற்சங்கங்களின் கூடுதல் பதிவாளர் அவர்கள்,
விழுப்புரம்.

பொருள்: ஓதியம்பாறைக் கருங்கல் சுரங்கத் தொழிலாளர் சங்கம் – உறுப்பினர்களின் நெஞ்சு நிதி வேறு செலவுக்குத் திருப்பப்பட்டமை – காலஞ்சென்ற உறுப்பினர் சகாயராஜின் பெயர் பதிவேட்டிலிருந்து முறையின்றி நீக்கப்பட்டமை – 27.07.2025 பொதுக்குழுவுக்கு முன் நடவடிக்கை எடுக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. சங்கப் பொதுச் செயலாளர், சகாயராஜின் மனைவி திருமதி சவுரியம்மாளுக்கு எழுதிய கடிதம், நாள் 20.03.2025.
2. சங்கப் பொதுக்குழு அறிவிப்பு, நாள் 05.07.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இன்று 2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் பதினான்காம் நாள். எனக்கு எழுபத்தெட்டு வயதும் நான்கு மாதமும் பதினொரு நாளும் ஆகின்றன. வயதை நாள் வரைக்கும் எண்ணி எழுதுவது இரக்கம் கேட்பதற்காக அன்று. இந்த மனுவை எழுதியவள் மூப்பினால் நினைவு தடுமாறியவள் என்று எதிர்த்தரப்பினர் தங்களிடம் கூறுவார்கள். ஊரில் சென்ற மாதமே கூறத் தொடங்கிவிட்டார்கள். என் நினைவுக்கு ஒரு குறையும் இல்லை. இருந்திருந்தால் இந்த எட்டு ஆண்டுகள் எனக்கு எளிதாகக் கழிந்திருக்கும்.

2. நான் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியலில் முதுகலைப் பட்டம் பெற்று, முப்பத்தோராண்டு அரசுக் கல்லூரிகளில் அப்பாடத்தைக் கற்பித்தவள். என் கணவர் பாண்டுரங்கன் திண்டிவனம் நீதிமன்றங்களில் தொழில் செய்தவர். கட்சிக்காரரிடம் கட்டணம் கேட்கத் தெரியாதவர்; அந்த இயலாமையைக் கொள்கை என்று அழைத்தவர். 1988இல் ஓதியம்பாறைக் கல்குவாரிகளில் வேலை செய்தவர்களைச் சேர்த்து மேற்படி சங்கத்தைப் பதிவு செய்தவர் அவரே. அன்று விழுப்புரம் தனி மாவட்டமாக இல்லை. ஒவ்வொரு கையெழுத்துக்கும் கடலூர் வரை பேருந்தில் போய்வந்தார். பேருந்துக் கட்டணம் என் சம்பளத்திலிருந்து போயிற்று. சங்கத்தின் விதிகள் முழுவதும் அவர் எழுதியவை. உறுப்பினர் அல்லாத, படித்த ஒருவரே தணிக்கையாளராக இருக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அவ்விதிப்படி 1997 முதல் 2018 வரை இருபத்தோராண்டு அப்பொறுப்பில் இருந்தவள் நான். ஊதியம் கிடையாது. தை மாதத்தில் ஒரு மூட்டை மல்லாட்டை (நிலக்கடலை) கொண்டுவந்து வாசலில் இறக்குவார்கள். அதை நான் ஊதியமாகக் கருதியதில்லை. அவர்கள் கருதினார்கள் என்பதைப் பிற்பாடு புரிந்துகொண்டேன்.

3. ‘நெஞ்சு நிதி’ என்பது என்னவென்று தாங்கள் அறிய வேண்டும். பாறையைத் துளைப்பவர்களும், வெடித்த கல்லை ஜல்லியாக உடைப்பவர்களும் நாற்பத்தைந்து வயதுக்குள் மூச்சு வாங்கத் தொடங்குகிறார்கள். மருத்துவர்கள் இதனைச் சிலிக்கோசிஸ் என்பர். ஓதியம்பாறையில் ‘தூசு நெஞ்சு’ என்பர். வந்தால் போகாது. 1996இல் ஒரே ஆண்டில் ஆறு பேர் இறந்த பின்னர், சந்தாவில் மூன்றில் ஒரு பங்கைத் தனியே எடுத்துவைத்து இந்நிதி தொடங்கப்பட்டது. தூசு நெஞ்சு கண்டவருக்கு மாதம் இரண்டாயிரம் ரூபாயும், அவர் இறந்தால் குடும்பத்துக்கு ஒன்றரை லட்சமும் தருவது விதி. 2008இல் குவாரிக் குத்தகைதாரர்களும் லாரி ஒன்றுக்குப் பத்து ரூபாய் இந்நிதிக்குத் தர ஒப்பந்தமாயிற்று. அந்தப் பணத்தை வேறு எதற்காவது எடுத்தால் அன்றே பத்து ரூபாய் நின்றுவிடும் என்பதும் அதே ஒப்பந்தத்தில் உள்ளது. நடந்தது எதனால் மறைக்கப்பட்டது என்று தாங்கள் கேட்டால், முதல் விடை இதுவே.

4. இச்சங்கத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் என்றும் சிறுபான்மையினர். ஆகவே ஆண்டுப் பொதுக்குழுவில் கணக்கு வரிவரியாக உரக்கப் படிக்கப்படும். ஒரு வரியில் ஐயம் உள்ளவர் எழுந்து நின்று வாதாட வேண்டியதில்லை. ஒரு ஜல்லிக் கல்லைக் கொண்டுவந்து கணக்குப் புத்தகத்தின் மீது வைத்தால் போதும். படிப்பது நின்றாக வேண்டும். மேடையில் இருப்பவரைப் பேச்சில் வெல்ல முடியாதவர்களுக்காகத் தொழிலாளர்களே கண்டுபிடித்த வழக்கம் இது. அவர்கள் இதனைக் ‘கல் வைத்தல்’ என்பர். 2003இல் குப்பம்மாள் என்னும் ஜல்லி உடைக்கும் பெண், பெட்ரோல் செலவு என்ற வரியின்மேல் கல்லை வைத்துவிட்டு, “சங்கத்துக்கு ஒரு சைக்கிளு கூட கெடியாது. இந்தப் பெட்ரோல யாரு குடிச்சிக்கினு கீறீங்க?” என்று கேட்டதை இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். அன்றைய பொருளாளர் ஒரு வாரத்தில் அப்பணத்தைத் திருப்பிக் கட்டினார். வழக்கம் வேலை செய்தது என்பதற்காக இதனைக் குறிப்பிடுகிறேன்.

5. என் கணவர் இவ்வழக்கத்தின் மீது காதல் கொண்டு, அதனைச் சங்கத்தின் 17ஆம் விதியாகவே எழுதிவிட்டார் (இணைப்பு 1). அதன் நான்கு பிரிவுகளின் சாரம் வருமாறு:
(அ) கல் வைக்கப்பட்டால் தணிக்கையாளரைக் கேட்க வேண்டும். அவர் ‘சரியில்லை’ என்றால் அந்த வரி நிற்காது. ‘சரி’ என்றால் வைத்தவர் தம் கையாலேயே கல்லை எடுத்துக்கொள்ள வேண்டும்.
(ஆ) எடுக்க மறுத்தால் அது பொய்க்கல். வைத்தவரின் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும்.
(இ) தணிக்கையாளர் தவறுதலாகச் ‘சரி’ என்றிருந்தால், அந்நீக்கத்தைப் பொதுக்குழு விரும்பினால் மறுபரிசீலனை செய்யலாம்.
(ஈ) தணிக்கையாளர் தெரிந்தே பொய்யாகச் ‘சரி’ என்றதாக எழுத்தில் ஒப்புக்கொண்டால், நீக்கம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. பொதுக்குழுவின் ஒப்புதல் தேவையில்லை.
(ஈ) பிரிவைப் படித்துவிட்டு, எந்தத் தணிக்கையாளர் அப்படி எழுதிக் கொடுப்பார் என்று நான் என் கணவரைக் கேட்டதுண்டு. சட்டம் எல்லா மனிதர்களுக்கும் ஒரு கதவு வைக்க வேண்டும் என்றார். அவர் அப்படித்தான் பேசுவார்.

6. 2012 முதல் பொதுச் செயலாளராக இருப்பவர் திரு. மணிமாறன். குவாரியில் ஓராண்டு டிரில்லிங் செய்தார். எஞ்சிய காலமெல்லாம் சங்க வேலை செய்தார். நன்றாகப் பேசுவார். யாருடைய வீட்டுச் சாவிலும் முதல் ஆளாக நிற்பார். அவரை அரக்கனாகச் சித்திரிக்க எனக்கு விருப்பமில்லை. அரக்கனாக இருந்திருந்தால் தொழிலாளர்கள் என்றோ கண்டுபிடித்திருப்பார்கள். அவருக்கு ஒரு கட்டடம் வேண்டியிருந்தது. மற்றச் சங்கங்களுக்குக் கட்டடம் இருந்தது. இவருக்குத் தகரக் கொட்டகை இருந்தது. 2015இல் தொடங்கி 2017இல் செஞ்சி சாலையில் இரண்டு தளத்துடன் ஓர் அரங்கம் எழுந்தது. இப்போது அதன் பெயர் ‘வழக்கறிஞர் பாண்டுரங்கன் நினைவு அரங்கம்’. கீழே கல்யாணம், காதுகுத்து நடைபெறுகின்றன. மாடி ஒரு தனியார் பயிற்சி நிலையத்துக்கு வாடகைக்கு விடப்பட்டுள்ளது. இவ்வாடகை 2018 முதல் எந்த ஆண்டுக் கணக்கிலும் ஒரு ரூபாயாகக்கூட இடம்பெறவில்லை. மேளச் சத்தம் சாலை வரை கேட்கிறது; கணக்கில் மட்டும் அங்கே ஒரு கல்யாணமும் நடக்கவில்லை.

7. 09.07.2017 ஞாயிற்றுக்கிழமை நடந்தவற்றை முறையாகப் பதிவு செய்கிறேன். ஆண்டுப் பொதுக்குழு புதிய அரங்கத்திலேயே கூடியது. முந்நூறு பேருக்கு மேல் இருந்தனர். கணக்கைப் படித்தவர் அப்போதைய பொருளாளர் ராயப்பன். நெஞ்சு நிதி இருப்பு ரூ. 31,40,000 என்று படித்தார். கட்டடச் செலவு முழுவதும் பொதுமக்கள் நன்கொடை, ரூ. 28,27,540 என்று படித்தார். அப்போது சகாயராஜ் என்னும், ஜாக்ஹாமரால் பாறை துளைக்கும் தொழிலாளி எழுந்து வந்து அந்த வரியின்மீது கல்லை வைத்தார். அவருக்கு அன்று நாற்பத்தைந்து வயது. பதினெட்டு ஆண்டாகச் சந்தா ஒருமுறையும் தவறாதவர். அவர் கூறியதை அப்படியே தருகிறேன்; மொழி அவருடையது:

“நன்கொட குடுத்த புண்ணியவான் ஒருத்தர் பேர சொல்லுங்க. நானும் ஒரு எட்டு போயி கும்பிட்டுட்டு வர்றேன். நாப்பது ரூபா சில்லற வரைக்கும் எண்ணிக் குடுத்துக்கீறாரே, அப்பேர்ப்பட்ட மனுசன்.”

கூட்டம் சிரித்தது. மணிமாறனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, “தம்பி, ஜாக்கம்மர் புடிக்கிற கை கணக்கப் புடிச்சா ரெண்டும் கெடும். அம்மா எம்.ஏ. படிச்சவங்க. அவங்களையே கேட்டுடலாம்” என்று என் பக்கம் திரும்பினார். முந்நூறு பேரும் திரும்பினார்கள். நான் ‘சரி’ என்றேன்.

கல்லை எடுத்துக்கொள்ளுமாறு சகாயராஜிடம் சொன்னார்கள். அவர், “அம்மா சரின்னு சொல்றாங்க. நான் மறுக்கல. ஆனா கல்ல எடுக்க மாட்டேங்க. வெச்சது வெச்சதுதான்” என்று கூறிவிட்டு வெளியே போனார். அவர் பெயர் அன்றே நீக்கப்பட்டது. நீக்கிய தீர்மானத்தில் தணிக்கையாளர் என்ற முறையில் என் கையெழுத்தும் உள்ளது (இணைப்பு 2). பின்னாளில் என்னைக் கேட்டவர்களிடம் எல்லாம், செயலாளரின் சொல்லை நம்பி, சீட்டுகளைச் சரிபார்க்காமல் கூறிவிட்டேன் என்றே சொல்லி வந்தேன். படித்தவர்கள் கவனக்குறைவாக இருந்தார்கள் என்றால் இந்நாட்டில் எல்லோரும் உடனே நம்புகிறார்கள்.

8. அவ்வாண்டுக் கணக்கு தங்கள் அலுவலகத்தில் முறைப்படி தாக்கல் செய்யப்பட்டது. அது ஏற்கப்பட்டதில் நான் குறை காண இயலாது. கூட்டல் சரியாக இருந்தது. தணிக்கையாளர் கையெழுத்து இருந்தது. பொய்க் கணக்கில் கூட்டல் எப்போதும் சரியாகவே இருக்கும். 2018இல் உடல்நிலை காரணம் என்று எழுதிக் கொடுத்துப் பொறுப்பிலிருந்து விலகினேன். என் உடல்நிலை நன்றாகத்தான் இருந்தது.

9. சகாயராஜுக்கு 2019இல் தூசு நெஞ்சு உறுதியாயிற்று. உறுப்பினராக இருந்திருந்தால் அம்மாதம் முதல் இரண்டாயிரம் ரூபாய் கிடைத்திருக்கும். இல்லை. குவாரியில் வேலை போயிற்று. மாதம் இருமுறை அரசு மருத்துவமனைக்குப் போக, ஓதியம்பாறைப் பேருந்தை விட்டிறங்கி என் வீட்டு வாசலைக் கடந்துதான் ரயில் நிலையத்துக்கு நடப்பார். முதலில் நேராகக் கடந்தார். பிறகு எதிர்வீட்டுச் சுவரில் ஒருமுறை கைவைத்து நின்று கடந்தார். கடைசி ஆண்டில் மூன்று இடங்களில் நின்றார். வாசலில் நான் தென்பட்டால் வணக்கம் சொல்வார். அதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. 03.11.2024 அன்று ஐம்பத்திரண்டாம் வயதில் இறந்தார். உறுப்பினர் இறந்தால் உடலின்மேல் சங்கக் கொடியைப் போர்த்துவது ஓதியம்பாறையில் மாறாத வழக்கம். அவருக்குப் போர்த்தவில்லை. பொய்க்கல் வைத்தவனுக்குக் கொடி எதற்கு என்று சொன்னதாகக் கேள்வி.

10. அவருடைய மனைவி சவுரியம்மாள் தாமும் இருபத்திரண்டாண்டு ஜல்லி உடைத்தவர். கணவரின் பெயரை மீண்டும் பதிவேட்டில் எழுதவும், நெஞ்சு நிதியை வழங்கவும் கோரி ஜனவரி மாதம் விண்ணப்பித்தார். பார்வை 1இல் கண்ட கடிதத்தில் (இணைப்பு 3), ‘17ஆம் விதியின்படி பொய்க்கல் வைத்து நீக்கப்பட்டவர், எனவே தகுதியற்றவர்’ என்று இரண்டே வரியில் மறுத்துவிட்டார்கள். கடிதத்தை எடுத்துக்கொண்டு அவர் என்னிடம் வந்தார். அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. நான்தான் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு அவர் கூறியது இது:

“துட்டு அப்புறம் வரட்டும்மா. பேர மொதல்ல எழுதச் சொல்லுங்க. கொழாய்ல தண்ணிக்கு நின்னா, பொய்க்கல்லு பொண்டாட்டி வந்துட்டா, வழி வுடுங்கடின்றாளுங்க. எம் பொண்ணு ஜெசிந்தாவ பாக்க வந்தவன் கூட அதத்தான் கேட்டுட்டுப் போனான். அந்த மனுசன் பொய் சொல்ற ஆளு இல்லம்மா. நீங்களும் தெரியாமதான் சரின்னு சொன்னீங்க, அது எனக்குத் தெரியும். அவரு சாவறப்பக்கூட உங்கள ஒரு வார்த்த சொல்லல.”

இவ்வம்மையார் கேட்பது கருணை அன்று. பதிவேட்டில் ஒரு வரி. அது கிடைத்தால் ஏனையவை விதிப்படி தாமாக வரும்.

11. ஏப்ரல் மாதம் நான் சங்க அலுவலகத்துக்குச் சென்று, 2017ஆம் ஆண்டு நன்கொடைச் சீட்டுகளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். நாற்காலி போட்டார்கள், பாதாம்பால் வரவழைத்தார்கள், சீட்டுகளைக் காட்டவில்லை. மணிமாறன் என்னை வாசல் வரை கைபிடித்து அழைத்துவந்து, “அம்மா, இந்த வயசுல எதுக்கு இந்தப் பேஜாரு? சார் பேர்ல கட்டடம் நிக்குது. அதோட அஸ்திவாரத்த நீங்களே தோண்டுவீங்களா?” என்றார். அன்போடுதான் கேட்டார். அரங்கத்தின் அஸ்திவாரத்தில் இருப்பது என்னவென்பதற்கு நான் சீட்டுகளை நம்பியிருக்கவில்லை. 31.03.2017 அன்று நெஞ்சு நிதி வங்கிக் கணக்கில் இருந்த தொகை ரூ. 3,12,460 மட்டுமே. பாஸ்புத்தகப் பக்கத்தின் நகலை இணைப்பு 4ஆக வைத்துள்ளேன். பொதுக்குழுவில் இருப்பு என்று படிக்கப்பட்ட 31,40,000இலிருந்து இதனைக் கழித்தால் 28,27,540 வரும். நன்கொடை என்று படிக்கப்பட்ட எண் இதுவேதான். பொதுமக்கள் யாரும் ஒரு ரூபாயும் தரவில்லை. அரங்கத்தைக் கட்டியது மூச்சு வாங்குகிறவர்களின் பணம். இந்நகல் என் கைக்கு எப்படி வந்தது என்று தாங்கள் கேட்பீர்கள். இறுதிப் பத்தியில் விடை உள்ளது.

12. பார்வை 2இல் கண்ட அறிவிப்பின்படி (இணைப்பு 5), வருகிற 27ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை கூடும் பொதுக்குழுவில் இரண்டு தீர்மானங்கள் வருகின்றன. ஒன்று, நெஞ்சு நிதியைக் கலைத்துக் கட்டட நிதியுடன் இணைப்பது. மற்றொன்று, 17ஆம் விதியை ‘காலத்துக்கு ஒவ்வாதது’ என்று நீக்குவது. முதலாவது நிறைவேறினால் இல்லாத பணத்தைத் தேட வேண்டிய அவசியமே காகிதத்தில் இல்லாமற் போகும். இரண்டாவது நிறைவேறினால் சகாயராஜின் பெயர் திரும்பி வரக்கூடிய வழி அடைபடும். ஜனவரி முதல் உதவித்தொகை நிறுத்தப்பட்ட நோயாளிகள் இன்று பத்தொன்பது பேர் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களுள் பலர் கூட்டத்துக்கு நடந்து வர இயலாதவர்கள். வருகிறவர்களில் பெரும்பான்மையோர் மணிமாறன் கை தூக்கினால் தாங்களும் தூக்குவார்கள்; அவர்கள் வீட்டுச் சாவுகளில் அவர் நின்றிருக்கிறார்.

13. ஆகவே தங்களை நான் வேண்டுவன:
(அ) சகாயராஜின் பெயர் நீக்கம் 17(ஈ) பிரிவின்படி செல்லாது என்று பதிவு செய்து, சவுரியம்மாளுக்குரிய நிதியை வழங்குமாறு சங்கத்துக்கு 27ஆம் நாளுக்கு முன் எழுத்துமூலம் அறிவுறுத்துதல்.
(ஆ) 2015 முதல் இன்றுவரை உள்ள கணக்குப் புத்தகங்கள், வங்கி ஏடுகள், அரங்க வாடகைச் சீட்டுகள் ஆகியவற்றை வரவழைத்து ஆய்தல்.
(இ) மேற்படி இரு தீர்மானங்களையும் ஆய்வு முடியும் வரை எடுத்துக்கொள்ளாதிருக்கப் பணித்தல். இயலுமாயின் அலுவலர் ஒருவரைக் கூட்டத்துக்கு அனுப்புதல்.
(ஈ) அரங்கத்தின் முகப்பில் உள்ள என் கணவரின் பெயரை அகற்றச் செய்தல். அவருடைய வாரிசு என்ற முறையில் இதற்கு நான் சம்மதிக்கிறேன்.

14. முதல் வேண்டுகோளில் 17(ஈ) பிரிவைக் குறிப்பிட்டது எழுத்துப்பிழை அன்று. தவறுதலாகச் சொல்லிவிட்டேன் என்று நான் எழுதிக் கொடுத்தால், 17(இ) பிரிவின்படி வழக்கு மணிமாறனின் பொதுக்குழுவுக்கே திரும்பும். சவுரியம்மாள் முந்நூறு பேர் முன்னிலையில் இரண்டாம் முறை தோற்பார். எனவே உள்ளதை எழுதுகிறேன். இதனை நான் இதுவரை யாரிடமும், இறந்த என் சகோதரியிடமும்கூட, கூறியதில்லை.

பொதுக்குழுவுக்கு முந்திய நாள், 08.07.2017 சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, பொருளாளர் ராயப்பன் வழக்கம்போல் கணக்குப் புத்தகத்தையும் வங்கிப் பாஸ்புத்தகத்தையும் என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தேன். இரண்டு எண்களைக் கழிக்க எம்.ஏ. தேவையில்லை. பாஸ்புத்தகப் பக்கத்தைத் தெருமுனைக் கடையில் நகல் எடுத்துவரச் செய்து வைத்துக்கொண்டேன். இணைப்பு 4 அதுவே. எட்டாண்டு என் பீரோவில் புடவைகளுக்கு அடியில் இருந்தது. நாளைக்குக் கல் விழாவிட்டாலும் நானே இந்த வரியைச் சரியில்லை என்று சொல்லப் போகிறேன் என்று ராயப்பனிடம் கூறி அனுப்பினேன்.

ஐந்து மணிக்கு மணிமாறன் வந்தார். கெஞ்சவில்லை, மிரட்டவில்லை. சுருட்டி வைத்திருந்த ஒரு தாளை மேசைமேல் விரித்தார். அரங்கத்தின் முகப்புக்கு வரைந்த பெயர்ப்பலகை. அதுவரை அதற்குத் தொழிலாளர் அரங்கம் என்று மட்டுமே பெயர் பேசப்பட்டிருந்தது. தாளில் என் கணவரின் பெயர் இருந்தது. “சார் பேரு இல்லாம அது என்னா கட்டடம்மா” என்றார். என் கணவர் இறந்து அப்போது நான்காண்டுகள். சங்கத்துக்கு இருபத்தைந்தாண்டு உழைத்த அம்மனிதரின் பெயர் அச்சானது ஒருமுறை, அவருடைய பதினாறாம் நாள் அழைப்பில். நான் தாளை நெடுநேரம் பார்த்தேன். பிறகு மணிமாறனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: சாலையில் போகும் பேருந்திலிருந்து பார்த்தால் எழுத்து தெரியுமா என்று. தெரியும் என்றார். மறுநாள் சகாயராஜின் பெயரை நீக்கிய தீர்மானத்துக்கு அடுத்த தீர்மானம், அரங்கத்துக்குப் பெயர் வைத்த தீர்மானம்.

சகாயராஜ் வைத்தது பொய்க்கல் அன்று என்பதை அக்கூட்டத்தில் அறிந்திருந்தவர்கள் மூவர்: மணிமாறன், ராயப்பன், நான். விதிப்படி வாய் திறக்க வேண்டியவள் நான் ஒருத்தியே. 17(ஈ) கேட்கும் எழுத்துமூல ஒப்புதலாக இதனைத் தாங்கள் ஏற்றுக்கொண்டு, என்மீது சட்டம் என்ன சொல்கிறதோ அதனையும் செய்து, 27ஆம் நாளுக்கு முன் அந்த ஒரு வரியைப் பதிவேட்டில் எழுதச் செய்ய வேண்டுகிறேன். 09.07.2017 அன்று நான் ‘சரி’ என்று கூறியது கவனக்குறைவால் அன்று. தெரிந்தே கூறினேன்.

இடம்: திண்டிவனம்
நாள்: 14.07.2025

இங்ஙனம்,
(ஒப்பம்) பா. கிருஷ்ணவேணி

இணைப்புகள்: 1. சங்க விதி 17, நகல். 2. 09.07.2017 தீர்மானங்கள், நகல். 3. பார்வை 1இல் கண்ட கடிதம், நகல். 4. வங்கிப் பாஸ்புத்தகப் பக்கம், நகல். 5. பொதுக்குழு அறிவிப்பு, நகல்.

நகல்: திருமதி சவுரியம்மாள், ஓதியம்பாறை (மனுதாரரால் நேரில் படித்துக் காட்டப்படும்).